இலைக்கு அடியில் பூத்தது

லுதோவினா அக்காவுக்கு எங்கள் ஊர்க்காரர்களை முகத்தைவிட விரலால்தான் அதிகம் தெரியும். இடது கை மோதிர விரல். அதில்தான் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். யாருக்குத் தோல் தடிப்பு, யார் குத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொள்வார்கள், யார் வேண்டுமென்றே கெட்ட வார்த்தை சொல்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எங்கள் ஊரான லாஸ் ஹுந்தாஸின் சுகாதார நிலையத்துப் பின்னறையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மலேரியா உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த வகை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. லேப்காரம்மா என்று ஊரில் பெயர். பிள்ளைகள் மட்டும் ஊசிக்காரி என்பார்கள், அதுவும் அவள் காதில் விழாத தூரத்தில்.

நான் மாருஹா. பஸ் நிற்கிற இடத்தில் இருக்கிற கடை என்னுடையது. அவள் தினமும் ஒரு ரொட்டி வாங்க வருவாள். மலைமேல் குளிர்ப் பக்கத்திலிருந்து இருபத்து மூன்று வயதில், இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இந்த வேக்காட்டிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். பேச்சில் கஞ்சம். அவளிடம் "மழை வருமா அக்கா?" என்று கேட்டால், நம்மைப் போல் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டாள். எழுந்து வெளியே போய் ஆற்றின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, "மூணு மணிக்கு மேல வரும்" என்பாள். பஸ் டிரைவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஆனால் தார்ப்பாய் கட்டுவதா வேண்டாமா என்று அவளிடம்தான் கேட்பான்.

பிறகு மலேரியா எங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போனது. ஒரு வருஷம் மூன்று பேர், மறு வருஷம் ஒருவர், அதற்கப்புறம் யாருமில்லை. சுகாதார நிலையத்தைக் கீழே பெரிய ஊருக்கு மாற்றினார்கள். அவளுக்கு வேலை முடிந்து சொற்ப ஓய்வூதியம் வந்தது. கட்டடத்தின் முன்னறையை ஊர்த் தண்ணீர்ச் சங்கம் எடுத்துக்கொண்டது. மைக்ராஸ்கோப்பை வண்டி கொண்டுவந்து எடுத்துப் போகிறோம் என்றார்கள். வண்டியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அவள் அதற்கு ஒரு துணி உறை தைத்துப் போட்டு, தினமும் காலையில் வந்து துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சங்கத்துக்காரர்களும் போகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் விரலில் குத்தினவளிடம் யார் போய்ச் சொல்வது?

டெல்மோ என் அத்தான். என் கூடப்பிறந்த அக்கா நியேவெஸின் புருஷன். இருபத்தெட்டு வருஷம் மரம் அறுத்தவர். ரம்பத்தின் சத்தம் வைத்தே அது அத்தானுடையதா வேறு ஆளுடையதா என்று என்னால் சொல்ல முடியும். நியேவெஸ் தொண்ணூற்றெட்டில், அந்தப் பெருமழை வருஷத்தில், காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு முப்பத்தொரு வயது. பிள்ளைகள் இல்லை. அத்தான் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. மேட்டு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, மரம் அறுத்து, என் கடையில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு, வருஷங்களைத் தள்ளினார்.

ஊற்றுத் தண்ணீர் குறையத் தொடங்கியதும் சங்கம் மலைக்காட்டை மூடியது. இனி அங்கே ஒரு மரமும் விழக் கூடாது. காவலுக்கு ஆள் வேண்டுமென்றபோது, காட்டை முழுக்கத் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான். ஆட்டுக்கு ஓநாய் காவல் என்று ஊரே கேலி பேசியது. அத்தானும் சிரித்தார். ஆனால் ரம்பத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சாக்கில் சுற்றி என் கடைப் பரணில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். வீட்டில் இருந்தால் கை பரபரக்கும் என்றார்.

மாதா மாதம் காட்டில் என்னென்ன பார்த்தேன் என்று சங்கத்துக்கு ஒரு பட்டியல் தர வேண்டும். அத்தானுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து என்றால் வியர்க்கும். அதனால் பின்னறைக்குப் போய் லுதோவினா அக்காவிடம் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். கரடித் தடம், டூகான் பறவை, இன்ன மரம், இன்ன மரம், அப்புறம் "சின்னச் செடி, ஒரே இலை." மறுபடி "சின்னச் செடி, ஒரே இலை." மூன்றாவது மாதம் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது என்ன பேரு, டெல்மோ? நான் உங்கள 'நெட்டை ஆளு, ஒரே மீசை'ன்னு எழுதினா ஒத்துக்குவீங்களா?"

"அது கிளைமேல பாசிக்குள்ள நிக்கும்மா. விரல்ல பாதி உசரம்கூட இருக்காது. அதுக்கெல்லாம் யாரு பேரு வச்சிருக்கப் போறா?"

"கொண்டாங்க, பாக்கலாம்."

அத்தான் மரத்திலிருந்து எதையும் பிய்க்கக் கூடாது என்று சங்கத்தின் கட்டளை. ஆகஸ்டுக் காற்றில் தானாக முறிந்து வழியில் கிடந்த ஒரு கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கை நீளக் கிளை, முழுக்கப் பாசி. அதற்குள்ளிருந்து நூல் போன்ற தண்டுகள் ஏழெட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் காப்பிக்கொட்டை அளவில் ஒரே ஒரு இலை. லுதோவினா அக்கா அதை முதல் நாள் வெறும் கண்ணால் பார்த்தாள். மறுநாள் மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்படிப் பிடித்தால் அது நல்ல பூதக்கண்ணாடி என்று எங்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். தண்டைச் சுற்றிக் குழல்மேல் குழல் செருகினாற்போல் உறைகள், ஒவ்வொரு குழலின் வாய் ஓரத்திலும் பொடி மயிர். இலையைப் புரட்டினாள். அடியில், மயிரிழை போன்ற காம்பில், கடுகளவுக்கு ஒரு பூ. மஞ்சளும் சிவப்புமாக.

அவள் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை மறந்தாள். கடிகாரம் ஒரு மணி அடித்தால் வாழைக்காயும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைக்கிற ஆள். மூன்று மணிக்கு என் கடைக்கு வந்து, "மாருஹா, பசிக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

தலைநகர் குயிட்டோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தச் செடிகளையே படித்துக்கொண்டிருக்கும் டாக்டர் இதுர்ரால்தே என்ற அம்மாள் இருப்பதைச் சங்கத் தலைவர் சொன்னார். அத்தானின் போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாளில் பதில் வந்தது. இது லெபாந்தெஸ் என்ற ஆர்க்கிட் வகை, உங்கள் சரிவில் எங்கும் உள்ளதுதான், பெயர் இன்னது, வாழ்த்துகள். அத்தானுக்குத் திருப்தி. பேர் கிடைத்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

லுதோவினா அக்கா எழுதவில்லை. அந்தப் பெயருள்ள செடியின் படத்தையும் விவரத்தையும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து வாசித்தாள். அதற்குப் பூ இலையின் மேல் உட்கார்ந்திருக்கும். இதற்கு அடியில். அதன் உதட்டிதழ், அதாவது பூவின் நடுவில் உதடு போல இருக்கிற சின்ன இதழ், வழவழப்பு. இதன் உதட்டிதழ் ஓரத்தில் கண்ணிமை போல மயிர்.

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களே," என்றார் அத்தான். "அவங்களுக்குத் தெரியாததா?"

"அவங்க படத்தப் பாத்தாங்க. நான் பூவப் பாக்குறேன். ஒண்ணப் போல இருக்குற ரெண்டப் பிரிச்சுச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

ஆனாலும் ஒரு பூவைப் பார்த்துச் சொல்லக் கூடாது என்று அவளே கட்டுப்பாடு போட்டுக்கொண்டாள். கிளையைக் கட்டடத்தின் பின்னால், துணி துவைக்கிற இடத்து நிழலில் கட்டித் தொங்கவிட்டாள். தினமும் மழைத்தண்ணீர் தெளித்தாள். குழாய்த் தண்ணீர் கூடாது. பூ வாடியதும் அதே காம்பில் இன்னொன்று வந்தது. அது போய் இன்னொன்று. நவம்பர் வரைக்கும் பதினோரு பூ பார்த்தாள். பதினொன்றும் இலைக்கு அடியில்தான். பதினொன்றுக்கும் இமை மயிர். ஒரு பூவின் உதட்டை ஊசிமுனையால் பிரித்து, ரத்தம் தடவுகிற சில்லில் ஒரு சொட்டு நீரில் வைத்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பென்சிலால் வரைந்தாள். இரண்டு சிறு மடல்கள், நடுவில் நாக்குப் போல ஒரு துணுக்கு, அதன் நுனி பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்திருந்தது. மகரந்தம் இரண்டே இரண்டு மஞ்சள் உருண்டை.

அத்தான் தினமும் காட்டிலிருந்து இறங்கும்போது அங்கே நின்று, தானும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். முதலில் தன் இமைதான் தெரிகிறது என்றார். ஒரு வாரம் கழித்துத்தான் பூ தெரிந்தது. "யம்மா," என்றாராம், "இத்தன நாளு நான் இதும்மேலதான் உக்காந்து சோறு தின்னேனா?" மரம் விழுந்ததும் அதன்மேல் உட்கார்ந்துதான் அறுப்புக்காரர்கள் மத்தியானம் சாப்பிடுவார்கள். லுதோவினா அக்கா சிரித்தாள். அவள் சிரித்ததை அத்தான் கடைக்கு வந்து ஒரு செய்தி போல என்னிடம் சொன்னார்.

பூவையும் வரைந்த படத்தையும் குயிட்டோவுக்கு அனுப்ப வேண்டும், பூவைச் சாராயத்தில் போட்டு அனுப்ப வேண்டும். அவள் என் கடைக்கு வந்து, இருப்பதிலேயே காட்டமான கரும்புச் சாராயம் ஒரு பாட்டில் கேட்டாள். கடையில் நான்கு பேர் இருந்தார்கள். லேப்காரம்மா குடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற பேச்சு சாயங்காலத்துக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. யாரோடு குடிக்கிறாள் என்பதற்கும் ஆள் கண்டுபிடித்து, அத்தான் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். நான் அத்தானைச் சீண்டினேன். "போ புள்ள" என்றார், ஆனால் மறுநாள் மீசையைக் கத்தரித்துக்கொண்டு வந்தார்.

பழைய ஊசிமருந்துப் புட்டியில் மூன்று பூக்கள் பஸ்ஸில் போயின. பதில் மார்ச் மாதம் வந்தது. டாக்டரம்மா கையாலேயே எழுதிய கடிதம். பஸ் பையன் கொடுத்ததும் அக்கா அதை என் கடை மேஜையில் வைத்தே பிரித்து வாசித்தாள், நாங்கள் கேட்டோம் என்பதால் உரக்க. இது எங்கும் உள்ள அந்தச் செடி இல்லை. வேறு. புதியதும் இல்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் தெற்கே இரண்டு மலை தள்ளி ஒருவர் ஒரே ஒருமுறை எடுத்து, பெயர் வைத்து, காயவைத்து ஒட்டி வைத்திருக்கிறார். அந்தத் தாளில் பூ உதிர்ந்துபோய்விட்டது. அவர் வரைந்த படம் மட்டும் உண்டு. அந்தப் படமும் உங்கள் படமும் ஒரே கை வரைந்ததுபோல் இருக்கின்றன. அதற்கப்புறம் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: அன்றைக்கு நூறு படங்களுக்கு நடுவில் உங்கள் படத்தைப் பார்த்தேன். அவசரத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. "லேப்காரம்மா கண்ணு தப்பாது. அப்பவும் தப்பல, இப்பவும் தப்பல. குயிட்டோவே வந்து மன்னிப்புக் கேக்குது பாத்தீங்களா," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

லுதோவினா அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். கடிதத்தை நான்காக மடித்தாள். திரும்ப விரித்து, கடைசி வரியை மறுபடி வாசித்தாள். ரொட்டியை எடுக்காமலே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முட்டி வலியோடு மேட்டு வீட்டுக்கு ஏறிப் போயிருக்கிறாள். இனிமேல் நான் சொல்வது, பாதி அவளும் பாதி அத்தானும் என்னிடம் பின்னால் சொன்னது.

அத்தான் வெல்லத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். ஒரு சில்லில் மலேரியாக் கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் நூறு வட்டம் பார்க்க வேண்டும் என்பது விதி. சில்லை நகர்த்த நகர்த்த மைக்ராஸ்கோப்பில் தெரிகிற ஒவ்வொரு வட்டமும் ஒன்று. நியேவெஸின் சில்லில் அவள் அறுபதுதான் பார்த்தாள். அறுபதிலும் ஒன்றுமில்லை. மலேரியா இல்லை என்று எழுதிச் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் நியேவெஸைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது. செய்தி வந்ததும் லுதோவினா அதே சில்லை எடுத்து மறுபடி பார்த்தாள். எண்பத்தொன்றாவது வட்டத்தில் இருந்தது. கொல்லுகிற வகை. மேற்பார்வைக்கு வந்தவரிடம் சொன்னாள். இந்த மாதிரி வருஷத்தில் இதெல்லாம் நடக்கும், விடுங்கள் என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள். பதினேழு வருஷமாக.

அவள் தொடாத குவளையை அத்தான் எடுத்து அடுப்போரம் வைத்தார். பிறகு கேட்டார்.

"அந்தச் சில்லு இருக்கா?"

"இருக்கு."

"நான் பாக்கணும்."

இருவரும் இறங்கி வந்தார்கள். அவள் முன்னால், அத்தான் பத்தடி பின்னால். நான் கடையிலிருந்து பார்த்து, ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மரப்பெட்டியின் கடைசி வரிசையிலிருந்து சில்லை எடுத்து வைத்தாள். சாயம் மங்கியிருந்தது. அந்த இடத்தைத் தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தான் குனிந்து ஒரு கண்ணை மூடினார். பூ பார்த்துப் பழகியிருந்ததால் உடனே தெரிந்தது.

"இது நியேவெஸா?"

"ஆமா."

"எங்க?"

"நடுவுல. நீலமா, மெல்லிசா ஒரு மோதிரம் மாதிரி. அதுல ஒரு செம்புள்ளி."

"இம்புட்டுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. நியேவெஸின் போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. கல்யாணப் படம் அந்த வருஷ வெள்ளத்தில் போய்விட்டது. அவளுடையது என்று அவர் கண்ணால் பார்க்க மிச்சமிருந்தது அந்தச் சில்லில் காய்ந்த ஒரு சொட்டுத்தான்.

நிமிர்ந்ததும், "அன்னிக்கு வரிசைல எத்தன பேரு?" என்று கேட்டார்.

"நாப்பத்தி மூணு. ஆனா அது சாக்கு இல்ல, டெல்மோ."

"சாக்குன்னு சொல்லல. வெளிய நின்னு கத்தினது நான்தான். சீக்கிரம் பாத்து விடு, என் பொண்டாட்டி நிக்க முடியாம நிக்குறான்னு. கதவ உதச்சேன். ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை. அந்த மழையில் எல்லாரும்தான் கத்தினார்கள், எல்லாரும்தான் உதைத்தார்கள். அவள் அதைச் சொன்னாள். அத்தான் கேட்டுக்கொண்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

ஐந்து வாரம் அவர் ஊருக்குள் இறங்கவில்லை. அரிசியும் உப்பும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாவது தடவை போனபோதுதான் என்னிடம் சொன்னார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் இறங்கி வந்து, கடைக்கு ரொட்டி வாங்க வந்த லுதோவினா அக்காவிடம், ரொட்டி இல்லை என்று சொன்னேன். ரொட்டி அவள் கண்ணெதிரே தட்டு நிறைய இருந்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் இல்லை என்றேன். அதற்கப்புறம் வரவில்லை. பஸ் டிரைவரிடம் சொல்லிக் கீழே இருந்து வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் அத்தான் இறங்கினார். நேரே பின்னறைக்குத்தான் போனார். அங்கே அவர் பேசியது இவ்வளவுதான் என்று அவள் சொல்வாள்: "ஊத்துக்குப் பக்கத்துல பெரிய மரத்துல அதே செடி இருக்கும்மா. ஒண்ணு ரெண்டில்ல. நீங்க நேர்ல வந்து பாக்கணும்." தன்னால் அவ்வளவு தூரம் ஏற முடியாது என்றாள். "ஏறலாம்," என்றார். அந்த ஐந்து வாரத்தில் அவர் வழுக்குகிற சரிவு முழுக்கப் படி வெட்டியிருந்தார், பிடித்துக்கொள்ள மூங்கிலும் கட்டியிருந்தார். எதற்கு வெட்டுகிறேன் என்று முதல் மூன்று வாரம் தனக்கே தெரியாது, சும்மா இருக்க முடியவில்லை, அதனால் வெட்டினேன் என்றார் என்னிடம். நான்காவது வாரம் தெரிந்துவிட்டதாம்.

இருவரும் ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த மலையடியில் இருந்தும் லுதோவினா அக்கா காட்டுக்குள் கால் வைத்ததில்லை. காடு என்றால் அவளுக்குக் காய்ச்சல்காரர்கள் வருகிற திசை, அவ்வளவுதான். மரத்தின் தெற்குப் பக்கம், தலைக்கு மேல் ஒரு கை உயரத்தில், பாசியோடு பாசியாக அந்த இலைகள் இருந்தன. ஒவ்வொரு இலையையும் தொடாமல் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பூ தெரியும். அவள் எண்ணினாள். நூற்றுப் பதினான்கு செடி. அத்தான் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, முடியும் வரை சாப்பிடாமல் காத்திருந்தார். நியேவெஸின் சில்லு தனக்கு வேண்டும் என்று அங்கேதான் கேட்டாராம். மறுநாள் அதைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தாள். இன்றைக்கும் மேட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

நான் மட்டும் விடவில்லை. அத்தான் மன்னித்துவிட்டார் என்பதே எனக்கு இன்னொரு கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, நீங்கள் எப்படி அவளோடு போய் உட்கார்கிறீர்கள், நியேவெஸ் அக்காவை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்குக் கோவப்பட உரிமை இருக்கு, மாருஹா. அவ உன் அக்கா. உன் பங்கு கோவத்த நீ படு. என் பங்கையும் சேத்து நீ படாத."

நான் அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டேன். அவர் சொன்னது எனக்கு உள்ளே போக ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் டாக்டரம்மா இரண்டு தடவை வந்து போனாள். கம்பீரமாக இருப்பாள் என்று நினைத்தேன், சேற்றுப் பூட்ஸோடு என் கடையில் உட்கார்ந்து வாழைக்காய் உருண்டை மூன்று சாப்பிட்டாள். அத்தானின் பட்டியலில் "சின்னச் செடி, ஒரே இலை" என்பது ஒவ்வொன்றாக அழிந்து பெயர்களாயிற்று. நாற்பதைத் தாண்டியது. பின்னறைச் சுவர் முழுக்கப் பென்சில் படம். மைக்ராஸ்கோப்பை எடுத்துப் போக ஒருநாள் நிஜமாகவே வண்டி வந்தது. சங்கத்துக்காரர்கள் அது பழுதாகி ரொம்ப நாளாயிற்று என்று ஒரே வாயாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நானும் கடை வாசலில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. ஆட்டினேன்.

அடுத்த வாரம் என் கொல்லைக் கொய்யா மரத்தில் பாசிக்குள் ஒரு பொடிச் செடி பூத்திருந்ததைப் பார்த்தேன். முன்பானால் கண்ணில் பட்டிருக்காது. பட்டையோடு கொஞ்சம் பெயர்த்து, ஒரு கிண்ணத்தில் வைத்து, இரண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் கிண்ணத்தை மேஜையில் வைத்தேன்.

"இதப் பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

கண்வில்லையைக் கழற்றினாள். தண்டைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், இலையை மேலும் கீழும் பார்த்தாள், பூவை ஊசியால் பிரித்துப் பார்த்தாள். நடுவில் ஒருதரம், "ஒரு பூவ வச்சுச் சொல்ல முடியாது, மாருஹா. இன்னும் ரெண்டு வரட்டும்," என்றாள். சரி, வரட்டும் என்றேன். நான் வெளிச்சத்தை மறைப்பதாகச் சொல்லி, பக்கத்து நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்தேன். நியேவெஸ் அக்கா எப்படிப்பட்டவள், என்னென்ன பாட்டுப் பாடுவாள் என்று அவள் கேட்டாள். அவளுக்கு நியேவெஸின் விரல் மட்டும்தான் தெரியும். நான் சொல்ல ஆரம்பித்தேன், கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவு வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

செடிக்கு மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு பூ வந்தது. எங்கும் கிடைக்கிறதுதான், விசேஷம் ஒன்றுமில்லை என்றாள். பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதைக் கொய்யா மரத்தில் கட்டி வைத்திருக்கிறேன்.